மலைப்பாம்பு கேட்டபோதெல்லாம் இரை போடலாமா?

மலைப்பாம்பு வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் வருகிற கவலை "இரை எடுக்க மாட்டேங்குது" என்பதுதான். அதற்கு நேர்மாறான பிரச்சினை ஒன்று இருக்கிறது. போட்டதை எல்லாம் மறுக்காமல் விழுங்கிவிட்டு மாதத்துக்கு மாதம் தடித்துக்கொண்டே போகிற பாம்பு, அது யார் கண்ணுக்கும் பிரச்சினையாகவே தெரிவதில்லை. "நல்லா கொழுகொழுன்னு வளர்த்திருக்கீங்க" என்று பாராட்டு வேறு கிடைக்கும். பட்டினியில் மெலிந்த பாம்பைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம், முதுகெலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். கொழுத்த பாம்போ நன்றாகச் சாப்பிட்டு நன்றாக இருக்கிற பாம்பு மாதிரியே தெரியும், பல வருடங்களுக்கு.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பாம்பின் பசியை நம்பி இரை போடக் கூடாது, உடம்பைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஏன் என்பதை விளக்கத்தான் இத்தனை நீளம்.

இரை போடும் நாள் நெருங்கினால், ராத்திரி விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில், பாம்பு தன் ஒளிவிடத்தின் வாசலில் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். கழுத்துப் பகுதி இரண்டு மூன்று மடிப்பாகச் சுருங்கியிருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாராவது நகர்ந்தால் தலை மெதுவாகத் திரும்பும், நாக்கு வெளியே வந்து மேலும் கீழும் நிதானமாக ஆடிவிட்டு உள்ளே போகும். பார்க்கிற யாருக்கும் "பாவம், பசிக்குது போல" என்றுதான் தோன்றும். ஆனால் அது பதுங்கி வேட்டையாடும் விலங்கின் இயல்பான உட்காரும் முறை, அவ்வளவே. காட்டில் அடுத்த எலி எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது, நாளைக்கே வரலாம், இரண்டு மாதம் வராமலும் போகலாம். அதனால் வந்ததைப் பிடித்து விழுங்கிவிட வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளுக்குள் எப்போதும் தயாராகவே இருக்கிறது. உதட்டோரச் செதில்களில் உள்ள குழிகளால் இரையின் உடற்சூட்டை உணர்ந்துவிட்டால் பாய்ந்துவிடும். போன வாரம்தான் தின்றோமே என்ற கணக்கு அங்கே வேலை செய்வது குறைவு. ஆகவே "கொடுத்தா சாப்பிடுதே" என்பது அதற்கு அந்த இரை தேவைப்பட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இந்த உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஸ்டீபன் செகோர், ஜாரெட் டைமண்ட் இருவரும் 1990களில் பர்மிய மலைப்பாம்புகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே இந்தப் பாம்பு தன் ஜீரண உறுப்புகளைக் கிட்டத்தட்ட மூடியே வைத்துவிடுகிறது. வயிற்றில் அமிலம் சுரப்பது நின்றுபோகும், சிறுகுடல் சுருங்கிவிடும். இரை உள்ளே போனதும் எல்லாம் தலைகீழாக மாறும். வயிறு ஒரே நாளில் கடும் அமில நிலைக்குப் போய்விடும், சிறுகுடலின் எடை இரண்டு மடங்கு அளவுக்குக் கூடும், கல்லீரலும் சிறுநீரகமும் பருக்கும், பெரிய இரையாக இருந்தால் வளர்சிதை மாற்றத்தின் வேகம் சும்மா கிடக்கும் நேரத்தைவிட 40 மடங்கு வரைக்கும் ஏறும். 2005இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, இரை எடுத்த 48 மணி நேரத்தில் இதயத்தின் கீழறைத் தசை 40 சதவீதம் பெருக்கிறது என்று காட்டியது. 2011இல் கொலராடோ பல்கலைக்கழகத்து லெஸ்லி லைன்வாண்டின் குழு, அந்தப் பெருக்கத்தைத் தூண்டுவது ரத்தத்தில் ஓடும் குறிப்பிட்ட சில கொழுப்பு அமிலங்கள்தான் என்று கண்டுபிடித்தது. ஜீரணம் முடிந்ததும் இவை அனைத்தும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகத் தன் உறுப்புகளையே பெரிதாக்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் சுருக்கி வைத்துவிடுகிற உடம்பு இது. நீண்ட இடைவெளியை அது சகித்துக்கொள்கிறது என்று சொல்வது போதாது, இடைவெளிக்காகவே அமைந்த உடம்பு. வாராவாரம் இரை விழுந்துகொண்டே இருந்தால், முந்தின எலியின் வேலை முடிந்தும் முடியாமலும் அடுத்த எலி வந்து சேர்கிறது, மிச்சமாகிற சக்தி முழுவதும் கொழுப்பாகப் போய்ச் சேர்கிறது.

பட்டினி விஷயத்திலும் அப்படித்தான். மார்ஷல் மெக்கியூ 2007இல் வெளியிட்ட ஆய்வில், பால் பைதான் (ball python, பந்து போலச் சுருண்டுகொள்கிற சிறிய மலைப்பாம்பு இனம்) உட்பட மூன்று வகைப் பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாதம் இரையில்லாமல் வைத்துப் பார்த்தார். சில பாம்புகள் தங்கள் அடிப்படைச் சக்திச் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. சாப்பாடே இல்லாமல் உடல் நீளத்திலும் கொஞ்சம் வளர்ந்திருந்தன என்பதுதான் எனக்கு இன்னமும் நம்ப முடியாத விஷயம். உங்கள் பாம்பைப் பட்டினி போடுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரை போடுவது பத்து நாள் தள்ளிப்போனால் பதறுகிறோமே, அந்தப் பதற்றம் முழுக்க நம்முடையது, பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது பால் பைதான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றரைக் கிலோ எடையுள்ள, வளர்ந்து முடிந்த பாம்பு. அதற்கு வாரம் ஒரு 100 கிராம் எலி போட்டால் வருடத்துக்கு 5 கிலோவுக்கு மேல் ஆகிறது, பாம்பின் எடையைப் போல மூன்றரை மடங்கு. அதே பாம்புக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை 80 கிராம் எலி என்றால் வருடத்துக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். இரண்டாவது கணக்கிலேயே அந்தப் பாம்பு நன்றாக இருக்கும். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது தன் சக்தியைச் செலவழிப்பதில்லை, சூடு வெளியிலிருந்து வருகிறது. அதே எடையுள்ள ஒரு பாலூட்டி சும்மா இருக்கச் செலவழிப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இதற்குப் போதும். அதிலும் வேட்டைக்கு அலைவதில்லை, துணை தேடிப் போவதில்லை, எதிரிக்குப் பயந்து ஓடுவதில்லை. வளர்ச்சியும் நின்றுவிட்டது. அப்படியானால் முதல் கணக்கில் மிஞ்சுகிற அந்த 4 கிலோ எலி எங்கே போகும்?

பிரச்சினையின் வேர் பெரும்பாலும் இங்கேதான். குட்டியாக வாங்கி வரும்போது "வாரம் ஒரு முறை" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், குட்டிக்கு அது சரியான அறிவுரையும்கூட. அப்புறம் பாம்பு வளர்கிறது, எலியின் அளவும் கூடவே வளர்கிறது, வாரம் ஒரு முறை என்பது மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, பாம்பும் சொல்லாது.

இதோடு சேர்ந்து இன்னொரு விதி உலவுகிறது: பாம்பின் உடம்பில் எங்கே அதிகத் தடிமனோ அந்த அளவுக்கு எலியும் தடிமனாக இருக்கலாம் என்பது. கேட்க எளிமையாக இருக்கிறது, குட்டிப் பாம்புக்கு ஓரளவு சரியாகவும் வரும். வளர்ந்த பாம்புக்கு இதைவிட மோசமான விதி கிடையாது என்பேன். பாம்பு கொழுக்கக் கொழுக்க நடு உடம்பின் தடிமன் கூடும், தடிமன் கூடினால் விதிப்படி எலியும் பெரிதாகும், பெரிய எலியைத் தின்று பாம்பு இன்னும் தடிக்கும். அளவுகோலே பாம்போடு சேர்ந்து வீங்குகிறது.

அதனால் எடையை வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது. முட்டையிலிருந்து வந்த பால் பைதான் குட்டி 50 முதல் 80 கிராம்வரை இருக்கும், அதற்குத் தன் எடையில் 10 முதல் 15 சதவீதம் எடையுள்ள இரை, வாரத்துக்கு ஒருமுறை. இந்தக் கட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், எலும்பும் தசையும் வளர்கிற வயது. அரைக் கிலோவைத் தொடும்போது இடைவெளியை இரண்டு வாரமாக்கி, இரையையும் எடையில் 7 சதவீதம் பக்கம் கொண்டுவரலாம். ஒரு கிலோ தாண்டி வளர்ச்சி மந்தமானதும் மூன்று வாரம். முழுதாக வளர்ந்த பின் 5 சதவீதத்தைச் சுற்றி, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை. இதையெல்லாம் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஒரே முட்டைத் தொகுதியில் பிறந்த இரண்டு பாம்புகள் ஒரே அளவு தின்று வேறு வேறு உடம்போடு வளரும். ஆணும் பெண்ணும் வேறு, பெண்கள் பொதுவாகப் பெரியவை. பர்மிய மலைப்பாம்பு, ரெட்டிகுலேட்டட் பைதான் போன்ற பெரிய இனங்கள் முதல் சில வருடம் ராட்சச வேகத்தில் வளரும், அந்தக் காலத்தில் அவற்றின் தேவை நிஜமாகவே அதிகம். ஆனால் வளர்ந்த பிறகு அவையும் இதே கதைதான்.

காட்டில் என்ன தின்கின்றன என்று பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். தென்கிழக்கு நைஜீரியாவின் மழைக்காடுகளில் பால் பைதான்களை ஆராய்ந்தபோது, மரம் ஏறும் பழக்கம் அதிகமுள்ள ஆண் பாம்புகள் பறவைகளைக் கூடுதலாகவும், தரையோடு இருக்கிற பெண் பாம்புகள் எலி போன்ற சிறு பாலூட்டிகளைக் கூடுதலாகவும் தின்றது தெரியவந்தது. காட்டுப் பாம்பு மரம் ஏறும், வளைக்குள் புகும், வறண்ட மாதங்களில் ஒன்றும் கிடைக்காமல் முடங்கிக் கிடக்கும், வயிற்றில் புழு வேறு இருக்கும். வீட்டுப் பாம்புக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அதற்குக் கிடைப்பதோ கூண்டில் வளர்ந்து, நன்றாகத் தீனி தின்று, கிடந்த இடத்திலேயே கிடந்து கொழுத்த எலி.

கொழுப்பே கெட்டது என்று அர்த்தமில்லை. பாம்பின் வயிற்றறையில் குடலை ஒட்டி நீளவாக்கில் கொழுப்புக்கென்றே மடல்கள் இருக்கின்றன, அவற்றின் வேலையே சேமித்து வைப்பதுதான். 2022இல் ஃப்ளோரிடாவில் பிடிபட்டதாக அறிவிக்கப்பட்ட ஒரு பெண் பர்மிய மலைப்பாம்பு கிட்டத்தட்ட 98 கிலோ எடை இருந்தது, உள்ளே 122 முட்டைகள் உருவாகிக்கொண்டிருந்தன. அந்த மாதிரிப் பாம்புக்குக் கொழுப்பு என்பது முதலீடு, முட்டைக்கும் அடைகாக்கும் காலத்துப் பட்டினிக்கும் செலவாகி வற்றிப்போகும். முட்டையும் இடாமல், பட்டினியும் கிடக்காமல் வாழ்கிற வீட்டுப் பாம்புக்கோ சேர்ந்தது சேர்ந்ததுதான், எடுக்க ஆளில்லாத வங்கிக் கணக்கு.

இப்போது முக்கியமான பகுதி, பாம்பைக் கையில் எடுத்துப் பார்ப்பது. தராசு சொல்லும் எண்ணைவிட இது முக்கியம், ஏனென்றால் 1600 கிராம் உள்ள இரண்டு பால் பைதான்களில் ஒன்று நல்ல தசைப்பிடிப்போடும் மற்றது கொழுப்புப் பொதியாகவும் இருக்கலாம். இரை போட்டு ஒரு வாரமாவது ஆன பாம்பாக இருக்கட்டும், இல்லையென்றால் வயிற்றில் கிடக்கும் எலி உங்களை ஏமாற்றும். நடு உடம்பைக் கையில் தாங்கிக்கொண்டு முதுகின் நடுக்கோட்டில் கட்டைவிரலை லேசாக அழுத்தி ஓட்டுங்கள். நல்ல நிலையில் இருக்கிற பாம்பில் முதுகெலும்பு மெல்லிய மேடாக விரலுக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் துருத்தாது. இரண்டு பக்கமும் சதை உறுதியாக, சரிவாக இறங்கும். குறுக்காக வெட்டிப் பார்ப்பதாகக் கற்பனை செய்தால் முனை மழுங்கிய முக்கோணம், அடிப்பக்கம் தட்டை. கொழுத்த பாம்பில் இந்த முக்கோணம் போய் வட்டமாகிவிடும். இன்னும் மோசமானால் முதுகெலும்பு மேடாக இருப்பதற்குப் பதில் பள்ளமாகத் தெரியும், இரண்டு பக்கக் கொழுப்பு மேலெழும்பி நடுவே ஒரு வாய்க்கால் ஓடும்.

அடுத்து பாம்பைத் தரையில் விட்டு அது வளைகிற இடத்தைப் பாருங்கள். உள்வளைவில் தோல் மடிப்பு மடிப்பாகப் பிதுங்கினால் அது கொழுப்பு. வயிறு காலியாக இருக்கும்போதும் செதிலுக்குச் செதில் இடையில் தோல் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் வால், பலர் பார்க்கவே பார்க்காத இடம். எச்சத்துளைக்குப் பின்னால் வால் சீராகச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். துளையை ஒட்டி இரண்டு பக்கமும் மெத்தென்று புடைத்திருந்து, அதற்கப்புறம் வால் சட்டென்று குறுகினால் சந்தேகமே வேண்டாம். தலைக்குப் பின்னால் கழுத்து என்ற ஒன்று இருந்த இடமே தெரியாமல் போவதும் அப்படித்தான்.

இனத்துக்கு இனம் இது மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. பச்சை மர மலைப்பாம்பும் கார்பெட் பைதானும் ஒல்லியாக, முதுகு மேடு தெரியத்தான் இருக்கும், அவற்றைப் பால் பைதான் மாதிரி உருட்டிவிட நினைத்தால் வினை. ப்ளட் பைதான் பிறவியிலேயே கட்டையும் குட்டையுமான உடம்பு, "இது இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே அதை இன்னும் கொழுக்க வைத்துவிடுவார்கள். பெண் பாம்பு இனப்பெருக்கக் காலத்தில் பின்பாதி மட்டும் பெருத்துக் காணப்பட்டால் கருமுட்டை வளர்ச்சியாகவும் இருக்கலாம், கால்நடை மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கொழுத்தால் என்ன ஆகும்? வெளியே தெரிவது கடைசியில்தான். கல்லீரலில் கொழுப்பு படியும், அந்தக் கல்லீரல் வெளிறி வீங்கி வேலை குறைந்துகொண்டே போகும்போதுகூடப் பாம்பு இரை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். ஒரு நாள் திடீரென்று நிறுத்தும். அப்போதுதான் "சாப்பிட மாட்டேங்குது" என்ற கவலையோடு கிளம்புவார்கள், இரைக்கு வாசனை பிடிக்கவில்லையோ, எலியை மாற்றிப் பார்க்கலாமா என்று தொடங்கி என்னென்னவோ செய்து பார்ப்பார்கள். பாம்புக்கு நம்மைப் போல மார்பறையைப் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது, விலா எலும்புத் தசைகளை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. வயிற்றறை முழுக்கக் கொழுப்பு அடைத்துக்கொண்டால் நுரையீரல் விரிய இடம் குறையும். பெண் பாம்புகளுக்கு முட்டை உள்ளேயே தங்கிவிடும் ஆபத்து கூடும். ஏற வேண்டிய கிளையில் ஏற முடியாமல் விழுவதும் நடக்கும். பால் பைதான் 20, 30 வருடம் சாதாரணமாக வாழக்கூடிய விலங்கு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961இல் வந்து சேர்ந்த ஒரு பால் பைதான், 2020இல் 62 வயதுக்கு மேல் என்று கணிக்கப்பட்ட நிலையில் முட்டையிட்டுச் செய்தியானது. அத்தனை வருடம் கூடவே வரப்போகிற ஜீவனை முதல் ஐந்து வருடத்துக்குள் கொழுப்பில் மூழ்கடித்துவிடுவது நியாயமாகப் படவில்லை.

வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. பெண் பாம்பு ஒன்றரைக் கிலோவைத் தொட்டால் இனப்பெருக்கத்துக்கு விடலாம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அந்த எடையைச் சீக்கிரம் எட்டுவதற்காக வாரத்துக்கு இரண்டு முறை, இருக்கிறதிலேயே பெரிய எலி என்று திணிப்பார்கள். எடை வந்துவிடும், அதற்கேற்ற உடல் முதிர்ச்சி வந்திருக்காது. வியாபாரத்துக்கு அது வசதி, பாம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டில் ஒரே ஒரு பாம்பு வைத்திருப்பவரும் வேகமாக வளர்வதையே நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொள்கிறார்.

இரையைப் பற்றியும் கொஞ்சம். முழு எலியே முழுச் சாப்பாடு, எலும்பில் கால்சியம், கல்லீரலில் வைட்டமின், மேலே தூவ ஒன்றும் தேவையில்லை. உறைந்த எலிகளைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து விற்கிறார்கள், ஒருவருடைய நடுத்தரம் இன்னொருவருடைய பெரியதாக இருக்கும். அதனால் எலியையும் தராசில் வைத்துவிடுவதே வழி, சமையலறைத் தராசு போதும், ஆனால் சமையலுக்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த சுண்டெலி 20 முதல் 30 கிராம். எலி வயதாக ஆக அதன் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடிக்கொண்டே போகும், குட்டி போட்டு ஓய்ந்த பெரிய எலிகள் ரொம்பக் கொழுப்பு. ஆகவே ஒரு கிழட்டுப் பெரிய எலியைவிட இளம் எலி நல்லது. காடைக்கும் கோழிக்குஞ்சுக்கும் பழகின பாம்பு என்றால் நடுநடுவே மாற்றிப் போடலாம். பெரிய இனங்களுக்குக் கொழுத்த எலிகளை அடுக்குவதைவிட ஒரு முயல் மேல்.

உறைந்த இரையை முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறை விலகவிட்டு, போடுவதற்கு முன் பையோடு வெந்நீரில் வைத்து மேல்தோல் 38, 40 டிகிரி செல்சியஸ் வரும்வரை சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாக இருக்கும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். உயிரோடு எலியை விடுவதில் எனக்குச் சம்மதமில்லை, பல் பட்டால் பாம்புக்குத்தான் காயம்.

கூண்டின் சூடு சரியில்லையென்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. பால் பைதானுக்குச் சூடான மூலை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த மூலை 25 முதல் 27, தெர்மோஸ்டாட் கட்டாயம். சூடு குறைந்தால் ஜீரணம் நின்று வயிற்றுக்குள்ளேயே எலி அழுகும், பாம்பு கக்கிவிடும். இரை போட்ட பின் இரண்டு நாள் கையில் எடுக்காமல் இருப்பதும் இதற்காகத்தான். கக்கினால் அடுத்த நாளே "ஐயோ, வயிறு காலி" என்று இன்னொன்று போடக் கூடாது, குறைந்தது இரண்டு வாரம் விட்டு, வழக்கமானதில் பாதி அளவு போடுங்கள். இரண்டாவது முறையும் கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

பாம்பு தானாகவே மறுக்கிற காலங்கள் உண்டு. சட்டை உரிக்கப் போகும்போது கண் நீலம் பாய்ந்துவிடும், அப்போது பெரும்பாலும் தொடாது. குளிர் மாதங்களிலும் இனப்பெருக்கக் காலத்திலும், முக்கியமாக ஆண் பால் பைதான்கள், இரண்டு மூன்று மாதம் சாப்பிடாமல் இருப்பது சர்வ சாதாரணம். இந்தப் பட்டினியை ஈடுகட்டுவதாக நினைத்து மறுபடி தின்னத் தொடங்கியதும் அடுத்தடுத்துப் போட்டுத் தள்ளுவார்கள், வேண்டாம், வழக்கமான இடைவெளியே போதும். மாதம் ஒருமுறை, எச்சம் கழித்த பிறகு, இரை போடுவதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். சாப்பிடாத காலத்தில் எடை 10 சதவீதம் குறைந்துவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், அதற்குள் என்றால் கதவைச் சாத்திவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

ஏற்கெனவே கொழுத்துவிட்ட பாம்பை என்ன செய்வது? முதலில், இரையை மொத்தமாக நிறுத்தக் கூடாது. கொழுத்த உடம்பு திடீரென்று பட்டினிக்குப் போனால் சேமித்த கொழுப்பு மொத்தமாக இளகிக் கல்லீரலில் போய் விழும், எந்த நோயைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதுவே வரும். மெதுவாகத்தான் இறக்க வேண்டும். சதவீதக் கணக்கை இப்போதைய எடைக்குப் போடாமல், அந்தப் பாம்பு எவ்வளவு இருக்க வேண்டுமோ அந்த எடைக்குப் போடுங்கள். 2400 கிராமுக்கு வீங்கியிருக்கிற, 1700 இருந்தால் போதும் என்கிற பாம்புக்கு 5 சதவீதம் என்றால் 85 கிராம், 120 கிடையாது. இந்த ஒரு திருத்தத்திலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இடைவெளியை நான்கு வாரத்திலிருந்து ஐந்து, பிறகு ஆறு என்று நீட்டுங்கள். இளம் எலிக்கு மாறுங்கள். ஆரம்பிப்பதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கூடவே நடமாட்டம். முழு நீளத்துக்கு நீட்டிக்கொள்ள முடியாத பெட்டியில் இருக்கிற பாம்பு இளைக்க வழியே இல்லை, கூண்டு குறைந்தது பாம்பின் நீளமாவது இருக்கட்டும். தடித்த கிளை ஒன்றைச் சாய்வாகப் பொருத்துங்கள், கொழுத்த பாம்பு கீழே விழுந்தால் அடிபடும் என்பதால் ஆரம்பத்தில் தாழ்வாகவே இருக்கட்டும். ஒளிவிடங்களை அவ்வப்போது இடம் மாற்றி வைத்தால் தேடிக்கொண்டு நகரும்.

பலன் தெரிய ஒரு வருடம் ஆகலாம், ரொம்பக் கொழுத்ததென்றால் இரண்டு வருடமும் ஆகும். முதல் சில மாதம் தராசு பெரிதாக நகராது, அதற்காக இடைவெளியை எட்டு, பத்து வாரம் என்று சடாரென்று இழுக்க வேண்டாம். இந்தக் காலம் முழுக்கப் பாம்பு அந்த ஒளிவிட வாசலில் தலையை நீட்டிக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டுதான் கிடக்கும். வீட்டில் வேறு யாராவது இரக்கப்பட்டு ஒரு எலியை உள்ளே போட்டுவிடாமல் இருக்க, போட்ட தேதியையும் அடுத்த தேதியையும் கூண்டின் கண்ணாடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.